துருக்கி மொழி இலக்கணம்: தமிழ் வழியே நுழைந்தால் பாதி தெரிந்ததுதான்

"பென் எவெ கிதியொரும்."

துருக்கி மொழியில் இது ஒரு முழு வாக்கியம். பென் என்றால் நான். எவ் என்றால் வீடு; அதன் வாலில் ஒட்டியிருக்கும் எ நம்முடைய 'கு' உருபு. கிதியொரும் என்றால் போகிறேன். நான், வீட்டுக்கு, போகிறேன். எந்தச் சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. வினையின் கடைசியில் இருக்கும் 'உம்', நம் 'ஏன்' பார்க்கும் வேலையைப் பார்க்கிறது. அதனால் பென் என்பதை விட்டுவிட்டு 'எவெ கிதியொரும்' என்றாலே போதும். நாமும் 'வீட்டுக்குப் போறேன்' என்றுதானே சொல்கிறோம்?

நான் இந்த மொழியைப் படிக்கத் தொடங்கியது ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பாடநூலை வைத்து. வினைச்சொல் கடைசியில் வரும் என்பதை விளக்கவே அதில் ஒரு தனிப் பாடம். உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும் என்பதற்கு இன்னொரு பாடம். செயப்படுபொருளில் உருபு எப்போது வரும், எப்போது வராது என்பதற்குப் பல பக்கங்கள். ஒரு மாதம் திணறிய பிறகுதான் உறைத்தது: இவற்றில் பெரும்பாலானவற்றைப் பள்ளித் தமிழ்ப் பாடத்திலேயே எழுவாய், பயனிலை, வேற்றுமை, எச்சம் என்று படித்து முடித்திருக்கிறேன். அன்றிலிருந்து குறிப்பேட்டில் ஆங்கில விளக்கங்களை அடித்துவிட்டு, பக்கத்தில் தமிழை எழுதினேன். படிப்பு வேகம் பிடித்தது. துருக்கி மொழியைத் தொட நினைக்கும் தமிழருக்கு நான் சொல்ல விரும்புவது அது ஒன்றுதான்: நடுவில் ஆங்கிலத்தை நிறுத்தாதீர்கள்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தமிழும் துருக்கியும் ஒரே குடும்பம் இல்லை. துருக்கியின் சொந்தங்கள் அசர்பைஜானி, துர்க்மேன், உஸ்பெக், கசாக், உய்குர் முதலியவை. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், அவர் காலத்தில் 'சித்திய' மொழிகள் என்று அழைக்கப்பட்ட கூட்டத்தோடு திராவிடத்துக்கு உறவு இருக்கலாம் என்று கருதினார். துருக்கியும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் இரண்டும் ஒட்டுநிலை மொழிகள், அதாவது வேர்ச்சொல்லின் பின்னால் விகுதிகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போகும் மொழிகள்; இரண்டிலும் வினை கடைசியில் வரும். இந்த இரண்டு பண்புகளிலிருந்தே மற்ற ஒற்றுமைகளில் பல கிளைக்கின்றன.

எழுத்தும் ஒலியும்

இன்றைய துருக்கி மொழிக்கு 29 எழுத்துகள்: உயிர் 8, மெய் 21. எல்லாம் உரோமன் வரிவடிவம். அதற்கு முன்பு, ஒட்டோமான் காலம் முழுவதும், அரபு எழுத்தில்தான் எழுதினார்கள். எட்டு உயிர்களைப் பிரித்துக் காட்ட அந்த எழுத்தில் போதிய வழியில்லை. 1928 ஆகஸ்டில் இஸ்தான்புல்லின் குல்ஹானே பூங்காவில் துருக்கிக் குடியரசின் முதல் தலைவர் முஸ்தபா கெமால் புதிய எழுத்தை மக்களுக்கு அறிவித்தார். நவம்பர் 1 அன்று சட்டம் வந்தது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து செய்தித்தாள்களும், 1929 ஜனவரியிலிருந்து புத்தகங்களும் புதிய எழுத்துக்கு மாறின. எழுதியதை அப்படியே வாசிக்கலாம் என்பது இந்தச் சீர்திருத்தத்தால் கற்பவருக்குக் கிடைத்த பெரிய வசதி.

இந்தக் கட்டுரையில் துருக்கிச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணைவிடக் காது முதலில் பழகட்டும். சில குறிப்புகள் மட்டும் வேண்டும். கெல் (வா), கித் (போ) இரண்டிலும் முதல் ஒலி 'அங்கே' என்பதில் வரும் மெல்லிய க. பென், பிர் (ஒன்று) இரண்டிலும் 'தம்பி'யில் வரும் ப. வேற்றுமை உருபுகளில் வரும் த, 'பந்து'வில் வரும் த.

எட்டு உயிர்களில் அ, எ, இ, ஒ, உ ஐந்தும் நமக்குப் பழக்கம். மீதி மூன்றில்தான் வெளிநாட்டவர் தடுமாறுகிறார்கள். அந்த மூன்றில் ஒன்று நமக்கு நாக்கிலேயே இருக்கிறது: தலையில் புள்ளியில்லாத உரோமன் 'ஐ' (ı) எழுத்து. ஆங்கிலேயருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் படாத பாடு படுகிறார்கள். நமக்கு அது குற்றியலுகரம். 'பாட்டு', 'உப்பு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே ஓர் உகரம், அதேதான். கதவுக்குத் துருக்கியில் கப்பு (பகரத்தை இரட்டிக்காமல் சொல்ல வேண்டும்). ஆறுக்கு அல்த்து. இரண்டையும் தமிழ்ச் சொல் போலவே முடியுங்கள், சரியாக வந்துவிடும்.

மற்ற இரண்டுக்கும் பயிற்சி வேண்டும். 'இ' சொல்ல நாக்கை வையுங்கள். நாக்கை நகர்த்தாமல் 'உ' சொல்வது போல உதட்டைக் குவியுங்கள். அது ஒன்று. 'எ' சொல்லும் நாக்கோடு 'ஒ' சொல்லும் உதடு மற்றொன்று. இவற்றை யு, யொ என்று எழுதுகிறேன்: கியுன் (நாள்), கியொஸ் (கண்). இது தோராயம்தான். காதால் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

தலையில் பிறை வைத்த க எழுத்து ஒன்றும் உண்டு. அதற்கென்று தனி ஒலி கிடையாது. பெரும்பாலும் முன்னால் இருக்கும் உயிரை நீட்டும், எகர இகரங்களை ஒட்டி வந்தால் யகரம் போலக் கேட்கும். மழைக்கு யாமுர் என்கிறோமே, அந்த நெடிலுக்குள் அது ஒளிந்திருக்கிறது.

உயிர் இசைவு

துருக்கியின் உயிர்நாடி இது. தமிழ் எழுத்து வழக்கில் இதற்கு நேரான விதி இல்லை. பேச்சில் மட்டும் நிழலாடுகிறது. 'மாட்டுக்கு', 'வீட்டுக்கு' என்று சொல்லும் வாய், பல ஊர்களில் 'தம்பிக்கி', 'தண்ணிக்கி' என்கிறது. முன்னால் இகரம் வந்ததால் உருபின் உகரமும் இகரமாகச் சாய்ந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை, வாய் தானாகச் செய்கிறது. துருக்கியில் இந்தச் சாய்வு மொழி முழுவதற்கும் சட்டம்.

எட்டு உயிர்களும் இரண்டு கட்சி. அ, குற்றியலுகரம், ஒ, உ நான்கும் நாக்கின் பின்பகுதியில் பிறப்பவை. எ, இ, யொ, யு நான்கும் முன்பகுதியில் பிறப்பவை. சொல்லின் கடைசி உயிர் எந்தக் கட்சியோ, ஒட்டும் விகுதியும் அந்தக் கட்சிக்கு மாறிக்கொள்ளும்.

பன்மை விகுதியைப் பாருங்கள். எவ் (வீடு) எவ்லெர் ஆகிறது. ஒகுல் (பள்ளி) ஒகுல்லர் ஆகிறது. லெர், லர் இரண்டும் நம் 'கள்'. 'இல்' உருபும் இப்படியே: எவ்தெ வீட்டில், ஒகுல்த பள்ளியில். இது இரண்டு வடிவ இசைவு.

நான்கு வடிவ இசைவும் உண்டு. 'என்னுடைய' என்ற பொருள் தரும் விகுதி இது. எவிம் என் வீடு. ஒகுலும் என் பள்ளி. கியுல் என்றால் ரோஜா. கியுலியும் என் ரோஜா. குஸ் என்றால் மகள் (உகரத்தை உதடு குவியாமல் சொல்லுங்கள்). குஸும் என் மகள். இ, உ, யு, குற்றியலுகரம் என்று விகுதி நான்கு முகம் காட்டினாலும் அது ஒரே விகுதிதான். அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். பத்துச் சொல்லை வாய்விட்டுச் சொன்னால், மாற்றிச் சொல்வதுதான் கஷ்டம் என்று நாக்கே உணர்த்திவிடும்.

விதிவிலக்குகள் உண்டு, பெரும்பாலும் அரபு போன்ற மொழிகளிலிருந்து வந்த சொற்களில். மணி, நேரம் என்ற பொருளில் வரும் சாத், அகரத்தில் இருந்தாலும் பன்மையில் சாத்லெர் ஆகும். வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உடம்படுமெய்

இந்தப் பகுதியைப் படித்தபோது நான் சிரித்தே விட்டேன். மணி + ஐ = மணியை. நடுவில் ய் ஏன் வந்தது? இரண்டு உயிர்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க. இதற்கு உடம்படுமெய் என்று பெயர் வைத்து நம் இலக்கணம் விளக்கியிருக்கிறது. துருக்கியிலும் அதேதான். அரப என்றால் கார். அதோடு 'கு' உருபாகிய அ சேர வேண்டும். அரப + அ = அரபய. அதே யகரம், அதே காரணம்! துருக்கிப் பள்ளிகளில் ய், ஷ், ஸ், ன் என்ற நான்கையும் நினைவில் வைக்க 'யஷாசுன்' என்று ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுப்பார்கள். 'வாழ்க' என்று பொருள்.

மெய்களிலும் புணர்ச்சி உண்டு. கெல் + தி = கெல்தி (வந்தான்). ஆனால் கித் + தி என்னும்போது, முன்னால் வல்லொலி இருப்பதால் தியும் வல்லொலியாகி கித்தி (போனான்) ஆகிறது. நம்முடைய இறந்தகாலத் தகரம் 'கண்டான்' என்பதில் ட் ஆகவும், 'தின்றான்' என்பதில் ற் ஆகவும் மாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையிலும் நடக்கும்: கிதாப் (புத்தகம்) என்பதன் கடைசி வல்லொலி, அடுத்து உயிர் வந்தால் தம்பியின் பகரமாக மெலியும். இரண்டு உயிர்களுக்கு நடுவே வல்லினத்தை மெலித்துச் சொல்வது தமிழருக்குப் பிறவிப் பழக்கம். அதனால் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

வேற்றுமை

எவ் வீடு, எவி வீட்டை, எவெ வீட்டுக்கு, எவ்தெ வீட்டில், எவ்தென் வீட்டிலிருந்து, எவின் வீட்டின். இந்த ஆறையும் ஒரு மூச்சில் சொல்லிப் பழகுங்கள். கடைசியில் வரும் எவின் – வீட்டின் பொருத்தம் தற்செயல்தான். தற்செயலாக இருந்தாலும் நினைவில் வைக்க உதவுகிறது. 'ஆல்', 'ஓடு' இரண்டுக்கும் சேர்த்து இலெ என்ற ஒரே சொல். கத்தியால் வெட்டினாலும் அலியோடு போனாலும் அதுதான். நம் மூன்றாம் வேற்றுமையும் கருவியையும் உடனிகழ்ச்சியையும் ஒரே வீட்டில்தானே குடி வைத்திருக்கிறது?

ஐ உருபைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். என் பாடநூல் பல பக்கம் செலவழித்தது இதற்குத்தான்.

கிதாப் அல்தும்: புத்தகம் வாங்கினேன்.
கிதாபு அல்தும்: புத்தகத்தை வாங்கினேன்.

முதல் வாக்கியத்தில் ஏதோ ஒரு புத்தகம். கடைக்குப் போய்ச் செய்த வேலை அது. இரண்டாவதில் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். தமிழிலும் அப்படித்தான் பேசுகிறோம். 'காபி குடிச்சேன்' என்பதற்கும் 'காபியைக் குடிச்சேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஓர் இடத்தில் கவனம்: மனிதர்களைச் சொல்லும்போது நாம் 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்று ஐயைப் போட்டே ஆக வேண்டும். துருக்கியில் அந்தப் பையன் யாரோ ஒருவன் என்றால் உருபு வராது.

எண்ணுப்பெயருக்குப் பிறகு பன்மை வேண்டாம்: இகி கிதாப், ரெண்டு புத்தகம். பேச்சுத் தமிழ் அப்படியே. பெயரடை பெயருக்கு முன்னால் நிற்கும், எதற்கும் மாறாது: யெனி பிர் எவ், புதிய ஒரு வீடு. சுட்டு மூன்று: பு, ஷு, ஒ. நம் பழைய இ, உ, அ மூன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தார் 'உது', 'உவன்' என்று இன்றும் சொல்வதால் அவர்களுக்கு ஷு விரைவில் பிடிபடும். கேட்பவர் இன்னும் கவனிக்காத ஒன்றை 'இதோ பார்' என்று காட்டும்போது ஷு வருகிறது. அதனால் முழுக்க ஒன்று என்று சொல்ல மாட்டேன்.

இருக்கு, இல்லை, அல்ல

துருக்கியில் தேநீர்க் கடைக்குப் போகிறவருக்கு மூன்றே சொல் போதும்: சாய் வர் மு? டீ, இருக்கு, ஆ. டீ இருக்கா? 'இருக்கு' வர், 'இல்லை' யொக். உடைமையைச் சொல்லவும் இவைதான். பரம் யொக் என்றால் 'என் பணம் இல்லை', அதாவது என்னிடம் பணம் இல்லை. ஆங்கிலத்தில் இருப்பது போல 'வைத்திருக்கிறேன்' என்று ஒரு வினை இங்கே கிடையாது, நமக்கும் கிடையாது.

வினாவுக்கு மி. நம் ஆகார வினாவின் இரட்டைப் பிறவி. கெல்தின் மி? வந்தாயா? சென் மி கெல்தின்? நீயா வந்தாய்? எந்தச் சொல்லின் மேல் சந்தேகமோ அந்தச் சொல்லுக்குப் பின்னால் மி. குரலை ஏற்றி இறக்க வேண்டியதில்லை, சொற்களை இடம் மாற்றவும் வேண்டாம். எழுதும்போது மட்டும் இடைவெளி விட்டுத் தனியாக எழுதுவார்கள். உயிர் இசைவின்படி மி, மு என்று அதுவும் நான்கு வடிவம் எடுக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். யொக் என்பது இல்லை. 'அல்ல' என்பதற்குத் தனிச்சொல் உண்டு: தெயில். அதோடு ஆள் விகுதியும் சேரும். தொக்தொர் தெயிலிம்: நான் மருத்துவர் அல்லேன். தெயில்சின்: அல்லை. தெயிலிஸ்: அல்லோம். இன்றைய தமிழில் நான் அல்ல, நீ அல்ல, நாங்கள் அல்ல என்று எல்லாவற்றுக்கும் ஒன்றையே போடுகிறோம். அல்லேன், அல்லை, அல்லோம் என்ற வரிசை பழைய இலக்கியத்தில் தங்கிவிட்டது. இஸ்தான்புல்லின் தெருவில் அந்த வரிசை இன்றும் பேச்சில் இருக்கிறது.

பெயரிலேயே ஆள் விகுதி ஒட்டுவதும் அப்படித்தான். தொக்தொரும்: நான் மருத்துவர். இயி என்றால் நல்ல. இயியிம் என்றால் நலமாக இருக்கிறேன். 'அடியேன்', 'நல்லேன்' என்று குறிப்பு வினைமுற்றில் படித்தோமே, அதே கட்டுமானம். நடுவில் வரும் யகரம் உடம்படுமெய் என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

வினை

வேர், காலம், ஆள். கெல்-தி-ம். வந்-த்-ஏன். இந்த அடுக்கைப் புரிந்துகொண்டால் வினையின் எலும்புக்கூடு கையில் வந்துவிட்டது. ம் நான், ன் நீ, வெறுமையாக இருந்தால் அவன் அல்லது அவள் அல்லது அது, க் நாங்கள், நிஸ் நீங்கள். மரியாதைக்குப் பன்மை என்பதும் பொது: சென் நீ, சிஸ் நீங்கள்.

நடந்துகொண்டிருப்பதற்கு யொர்: கெலியொரும், வருகிறேன். வழக்கமாகச் செய்வதற்கும் வாக்குக் கொடுப்பதற்கும் இர்: கெலிரிம், வருவேன். 'தினமும் வருவேன்', 'கண்டிப்பா வருவேன்' இரண்டுக்கும் நாம் ஒரே வடிவத்தைப் பயன்படுத்துவதால் இதில் குழப்பமே வராது. 'வரப்போகிறேன்' என்று முடிவு செய்ததைச் சொல்ல எஜெக்: கெலெஜெயிம்.

இறந்தகாலம் இரண்டு. கெல்தி என்றால் வந்தான். என் கண்ணால் பார்த்தேன், அல்லது உறுதியாகத் தெரியும். கெல்மிஷ் என்றால் வந்தானாம், யாரோ சொன்னார்கள். 'வந்திருக்கிறான்' என்றும் ஆகும். வாசலில் செருப்பைப் பார்த்து ஊகித்தேன். ஆங்கில வழியில் படிப்பவர்கள் இதைத் துருக்கியின் பெரும் புதிராகச் சொல்வார்கள். நம்மிடம் 'ஆம்' இருக்கிறது, 'இருக்கு' இருக்கிறது.

காலையில் எழுந்து கதவைத் திறக்கிறீர்கள். தெரு நனைந்திருக்கிறது. நீங்கள் மழையைப் பார்க்கவில்லை. தமிழில் என்ன சொல்வீர்கள்? 'ராத்திரி மழை பெஞ்சிருக்கு.' துருக்கியில் யாமுர் யாமுஷ். ஜன்னலருகே உட்கார்ந்து மழையைப் பார்த்திருந்தால் 'மழை பெஞ்சுது'. துருக்கியில் யாமுர் யாது. பேருந்தில் கண் அசந்து, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது என்று வையுங்கள். உயுமுஷும் என்பார்கள்: தூங்கிட்டிருக்கேன். தான் தூங்கியதைத் தானே பார்த்திருக்க முடியாது. ஆகவே தன்மையிலும் மிஷ் வருகிறது.

துருக்கியில் பாட்டிமார் கதை தொடங்கும் விதம்: பிர் வர்முஷ், பிர் யொக்முஷ். ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம். நம் பாட்டி 'ஒரே ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்' என்று தொடங்குவாள். கதையை யாரும் நேரில் பார்க்கவில்லை என்பதை இரண்டு மொழியின் இலக்கணமும் முதல் வரியிலேயே ஒப்புக்கொள்கிறது.

எதிர்மறை வினைக்குள்ளேயே உட்காரும்: கெல்-மெ-தி-ம், நான் வரவில்லை. 'வரவில்லை' என்பதில் நம் ஆள் விகுதி காணாமல் போகிறது, துருக்கியில் போகாது. 'அறியேன்' போன்ற பழைய வடிவங்களே இதற்குப் பக்கத்தில் நிற்கும். பில் என்றால் அறி. பில்மெம் என்றால் அறியேன்.

நீளமான ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்: கெலெமெயெஜெயிம். கெல் வா. எமெ இயலாமை. ய் உடம்படுமெய். எஜெய் எதிர்காலம், எஜெக் என்பதன் ககரம், உயிர் வந்ததால் மெலிந்து யகரம் போல ஒலிக்கிறது. இம் நான். 'என்னால் வர முடியாது' என்று மூன்று சொல்லில் நாம் சொல்வதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். இடமிருந்து வலமாக ஒவ்வொரு கணுவாக உடைத்தால் எதுவும் மிஞ்சாது.

வேற்றுமொழிப் பெயரோடு எத் என்ற வினையைச் சேர்த்துப் புது வினை ஆக்குவார்கள்: தெலெஃபொன் எத், போன் பண்ணு. நம் 'பண்ணு' செய்யும் அத்தனை வேலையும் அது செய்கிறது.

எச்சமும் என்றும்

எவெ கெலிப் யத்து: வீட்டுக்கு வந்து படுத்தான். இப் நம் வினையெச்சம். எத்தனை வினையை வேண்டுமானாலும் கோக்கலாம், கடைசி வினைக்கு மட்டும் காலமும் ஆளும் போதும்.

நெரெதெ தியெ சொர்து: எங்கே என்று கேட்டான். தியெ என்பது 'என்று'. 'என்று' என்பது 'என்' என்ற சொல்லுதல் வினையிலிருந்து பிறந்த எச்சம். தியெயும் தெ என்ற சொல்லுதல் வினையிலிருந்து பிறந்த எச்சமே. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே தேவைக்கு ஒரே வழியைக் கண்டுபிடித்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

பேச்சின் சுவையிலும் இந்த ஒப்புமை தொடர்கிறது. 'டீ கீ ஏதாவது குடிக்கிறீங்களா' என்கிறோம். அவர்கள் சாய் மாய் என்கிறார்கள். புத்தகம் கித்தகம், கிதாப் மிதாப். நாம் கி போடும் இடத்தில் அவர்கள் ம் போடுகிறார்கள். நிறங்களை அழுத்திச் சொல்வதிலும் அப்படி: பெயஸ் வெள்ளை, பெம்பெயஸ் வெள்ளை வெளேர், யெஷில் பச்சை, யெம்யெஷில் பச்சைப் பசேல். உறவு முறையிலும் அம்மாவின் சகோதரன் தயு, அப்பாவின் சகோதரன் அம்ஜ என்று மாமாவையும் சித்தப்பாவையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத கடைக்காரரை அபி, அதாவது அண்ணா, என்று கூப்பிடலாம்.

தமிழ் கைவிடும் இடங்கள்

எல்லாம் நம்மைப் போலவே என்று நம்பி நடந்தால் நாலு இடத்தில் கால் இடறும்.

முதலாவது உடைமைத் தொடர். 'அலியின் வீடு' என்பதில் நாம் அலிக்கு மட்டும் உருபு போடுகிறோம். துருக்கியில் வீட்டுக்கும் போட வேண்டும்: அலினின் எவி, அலியின் வீடு-அவனது. இரண்டு பக்கமும் முடிச்சு. ஊர்ப் பெயர்ப் பலகைகளில் இதை நிறையப் பார்க்கலாம். கலத குலெசி என்றால் கலத்தா கோபுரம். குலெ கோபுரம், சி 'அதன்'. தொப்கப்பு சராயு ஒட்டோமான் சுல்தான்களின் அரண்மனை. தொப் பீரங்கி, கப்பு நாம் மேலே பார்த்த கதவு, சராய் அரண்மனை, கடைசிக் குற்றியலுகரம் 'அதன்'. இந்த விகுதியை விட்டுவிடுவதுதான் தமிழர் அடிக்கடி செய்யும் பிழை. நானும் பல மாதம் விட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, ஒ என்ற ஒரே சொல் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும். வினையிலும் பால் கிடையாது. கெல்தி என்று கேட்டால் வந்தது ஆணா பெண்ணா என்று சூழலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பேசும்போது இது சுகம். மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வைக்கும்.

மூன்றாவது பெயரெச்சம். 'படித்த பையன்', 'பையன் படித்த புத்தகம்' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'படித்த'. அவர்களுக்கு இரண்டு. செய்தவனைச் சொன்னால் ஒகுயன் சொஜுக், படிக்கும் பையன். செய்யப்பட்டதைச் சொன்னால் ஒகுதூம் கிதாப், நான் படித்த புத்தகம். அந்த 'நான்' வெளியே இல்லை, எச்சத்தின் வாலில் ம் ஆக இருக்கிறது. ஒகுதூன் என்றால் நீ படித்த.

நான்காவது, எந்த வினை எந்த உருபைக் கேட்கும் என்பது. பன பக் என்றால் 'என்னைப் பார்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்குப் பார்'. கேள்வி கேட்பதும் 'எனக்குக் கேள்'. பேருந்தில் ஏறுவது 'பேருந்துக்கு ஏறுவது'. நாய்க்குப் பயப்படுவது 'நாயிலிருந்து பயப்படுவது'. இதற்கு விதி தேட வேண்டாம். வினையைப் படிக்கும்போதே அதன் உருபையும் சேர்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

துருக்கியில் ஒரு வீட்டுக்கோ கடைக்கோ நுழைந்ததும் காதில் விழுவது ஹொஷ் கெல்தினிஸ். கெல் வா, தி இறந்தகாலம், நிஸ் நீங்கள். ஹொஷ் என்றால் இனிமையாக. இனிது வந்தீர்கள். பதில் சொல்லாமல் நிற்கக் கூடாது. ஹொஷ் புல்துக் என்று சொல்ல வேண்டும். புல் என்றால் காண். து அதே இறந்தகாலம். முன்னால் உகரம் இருந்ததால் தி து ஆயிற்று. க் நாங்கள். இனிது கண்டோம்.